சீர்வேகக் கட்டுப்பாடு ஏன் மறுத்தது? – ஒரு மின்பழுதைத் தேடிய அனுபவம்

“மின்பொறியியல் படிக்கிறேன்னு சொல்றியே, இந்தக் குரூஸை உன்னால சரிபண்ண முடியாதா?”

மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்து கிள்ளானில் உள்ள வீட்டுக்கு விடுமுறைக்குச் சென்றபோது அப்பா கேட்ட கேள்வி இது. விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மூன்று ஆண்டுகளாக மின்சுற்றுகளைப் பற்றிப் பாடம் கேட்டும், தேர்வு எழுதியும் வந்திருக்கிறேன். வீட்டு வாசலில் நிற்கும் காரில் ஒரு பொத்தான் வேலை செய்யாததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பொத்தான் எங்கள் அப்பாவுக்கு ஓர் ஆடம்பரம் அன்று. வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். மாதம் இருமுறை சுங்கைப் பட்டாணியில் இருக்கும் பாட்டியைப் பார்க்க 300 கிலோமீட்டருக்கும் மேல் தனியாக ஓட்டிச் செல்கிறார். நீண்ட நேரம் எண்ணெய்மிதியை ஒரே நிலையில் அழுத்திக்கொண்டிருந்தால் கால் மரத்துப் போகும். சீர்வேகக் கட்டுப்பாடு இருந்தால் நெடுஞ்சாலையில் காலைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். அது முதலில் சில நாள் வேலை செய்தது, சில நாள் செய்யவில்லை. பிறகு அடியோடு நின்றுவிட்டது. ஒரு பட்டறையில் காட்டியபோது, “மோடுல் போயிருச்சு, மாத்தணும்” என்று 1,400 ரிங்கிட் கேட்டிருக்கிறார்கள். “கால் இருக்கே, போதும்” என்று அப்பா திரும்பி வந்துவிட்டார்.

அந்தப் பழுதைத் தேடி நான் செலவிட்ட இரண்டு நாள்களைப் பற்றியதே இக்கட்டுரை. நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். சரியாகச் செய்தவற்றைவிட அவற்றிலிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

சீர்வேகக் கட்டுப்பாடு என்பது என்ன?

குரூஸ் கண்ட்ரோல் என்று நாம் அழைக்கும் இவ்வமைப்பைச் சீர்வேகக் கட்டுப்பாடு எனலாம். ஓட்டுநர் ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால், மேடானாலும் இறக்கமானாலும் கார் அவ்வேகத்தை ஒட்டியே ஓட முயலும்.

இதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவர் தம் 5ஆம் வயதில் நேர்ந்த ஒரு விபத்தால் பார்வையை இழந்தவர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். தம் வழக்கறிஞர் ஓட்டிய காரில் சென்றபோது, பேச்சுக்கு ஏற்ப வண்டியின் வேகம் கூடியும் குறைந்தும் வந்ததை உணர்ந்து எரிச்சலுற்றதே இவ்வெண்ணத்துக்கு வித்து என்று கூறுவர். 1950ஆம் ஆண்டில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் இவ்வசதி விற்பனைக்கு வந்தது.

அன்று அது இயந்திர அமைப்பாக இருந்தது. பின்னர் மின்னணு அமைப்பாக மாறியது. கட்டுப்பாட்டு அலகு எனப்படும் சிறு கணினி, நாம் கேட்ட வேகத்தையும் கார் இப்போது ஓடும் வேகத்தையும் இடைவிடாது ஒப்பிடுகிறது. வேகம் குறைந்தால் எஞ்சினுக்குச் செல்லும் காற்றின் வழியைச் சற்றுத் திறக்கிறது, கூடினால் மூடுகிறது.

அலகு கேட்கும் கேள்விகள்

ஒரு காரின் வேகத்தைக் கணினியிடம் ஒப்படைப்பது சாதாரணச் செயல் அன்று. எனவே இவ்வமைப்பை வடிவமைத்தவர்கள் ஒரு நெறியை வைத்திருக்கிறார்கள். ஐயம் எதுவும் இல்லாதபோது மட்டுமே அலகு பொறுப்பேற்கும். சிறு ஐயம் எழுந்தாலும் ஓட்டுநரிடமே விட்டுவிடும். நாம் பொத்தானை அழுத்தும்போது அது தனக்குள் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, முதன்மைப் பொத்தான் போடப்பட்டுள்ளதா? இரண்டாவது, வண்டி குறைந்தபட்ச வேகத்தைத் தாண்டிவிட்டதா? பல கார்களில் இது மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மூன்றாவது, வேகத்தைப் பதிவு செய்யும் பொத்தானின் சமிக்ஞை வந்ததா? நான்காவது, கியர் ஓட்ட நிலையில் உள்ளதா? கைக்கியர் வண்டியாக இருந்தால், கிளட்ச் மிதிக்கப்படாமல் இருக்கிறதா? ஐந்தாவது, பிரேக் மிதிக்கப்படவில்லை என்பது உறுதியா? ஆறாவது, எஞ்சின் கணினியில் வேறு பழுது ஏதும் பதிவாகியுள்ளதா?

இவற்றுள் ஒன்றுக்கு விடை தவறினாலும் அலகு வேலை செய்ய மறுத்துவிடும். ஆகவே சீர்வேகக் கட்டுப்பாடு வேலை செய்யவில்லை என்றால் அலகு கெட்டுவிட்டது என்பது பொருளன்று. பெரும்பாலும் அலகு நன்றாகவே இருக்கும். எந்தக் கேள்விக்கு விடை தவறியது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

கருவி சொன்னதும் நான் கேட்டதும்

இணையக் கடையில் வாங்கிய ஒரு மலிவான ஸ்கேனர் என்னிடம் இருந்தது. ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் 16 முனை இணைப்பியில் அதைச் செருகினேன். பி 0571 என்ற பழுதுக் குறியீடு வந்தது. கூடவே, குரூஸ் கண்ட்ரோல் – பிரேக் சுவிட்ச் ‘ஏ’ மின்சுற்று என்ற விளக்கமும் திரையில் தோன்றியது.

பட்டறையில் பார்த்ததும் இதே குறியீடாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் அந்த விளக்கத்தின் முற்பாதியை மட்டும் படித்துவிட்டு மோடுலை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் முற்பாதியைத்தான் படித்தேன். பழுதுக் குறியீடு என்பது கெட்டுப்போன பாகத்தின் பெயரன்று. ‘இந்த மின்சுற்றில் எனக்கு ஐயம் இருக்கிறது’ என்று கணினி சொல்லும் புகார் மட்டுமே. எங்கே, ஏன் என்பதை மனிதர்தான் தேட வேண்டும்.

நான் ஸ்டியரிங் பொத்தான்களில் தேடத் தொடங்கினேன். பாடத்தில் படித்த ஒன்று அங்கே இருந்ததுதான் காரணம். இப்பொத்தான்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக்கம்பி கிடையாது. எல்லாம் ஒரே கம்பியில் வெவ்வேறு மின்தடைகளாக அமைந்துள்ளன. எங்கள் காரின் கையேட்டின்படி, முன்வேகத்தை மீட்கும் பொத்தானுக்கு ஏறத்தாழ 240 ஓம், பதிவுசெய்யும் பொத்தானுக்கு 630 ஓம், நீக்கும் பொத்தானுக்கு 1,540 ஓம். எந்த மின்தடை தெரிகிறதோ அதை வைத்து எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று அலகு அறிந்துகொள்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்டியரிங் நடுவில் காற்றுப்பை உள்ளது. அதை நாமாகக் கழற்றவே கூடாது. அதன் மஞ்சள்நிற இணைப்பிகளில் அளவுமானியை வைப்பதும் ஆபத்து. நான் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, ஸ்டியரிங் தண்டின் கீழே உள்ள பொத்தான்களுக்கான இணைப்பியில் மட்டும் அளந்தேன். மூன்று அளவுகளும் சரியாக இருந்தன. ஸ்டியரிங்கை இடமும் வலமும் முழுதாகத் திருப்பியபடி மீண்டும் அளந்தேன். உள்ளே இருக்கும் சுருள் நாடாக் கம்பி அறுந்திருந்தால் திருப்பும்போது அளவு தாவும். தாவவில்லை. பேட்டரியை மீண்டும் இணைத்துத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். வேகமானி சரியாகவே காட்டியது. ஆக, வேகச் சமிக்ஞையும் நலம்.

ஒருநாள் முழுதும் இப்படியே போயிற்று. மறுநாள் காலையில், எங்கள் தாமானில் கார் ஒயரிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போய் நின்றேன். அளந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி. பிரேக்கை மிதிச்சிட்டுப் பின்னால யாரையாச்சும் பார்க்கச் சொன்னியா?”

சொல்லவில்லை. வீட்டுக்கு ஓடினேன். தங்கையைக் காரின் பின்னால் நிறுத்திவிட்டுப் பிரேக்கை மிதித்தேன்.

“எரியலண்ணே.”

“எந்தப் பக்கம்?”

“ஒண்ணுகூட எரியல. நடுவுல இருக்கிறதும் எரியல.”

வாசலில் நின்றிருந்த அப்பா எதுவும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் சொன்னார். போன மாதம் ஜூரு டோல் சாவடியை நெருங்கியபோது பின்னால் வந்த லாரி பலமாக ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, மிக அருகில் நின்றதாம். “அவனுக்கு என்ன அவசரமோன்னு நெனச்சேன்” என்றார். அவசரம் ஏதுமில்லை. முன்னால் போகும் கார் வேகத்தைக் குறைக்கிறது என்பது அந்த லாரி ஓட்டுநருக்குத் தெரியவே இல்லை.

பிரேக் விளக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பிரேக் மிதியின் மேற்புறம் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. மிதியை அழுத்தினால் அது 12 வோல்ட் மின்சாரத்தைப் பின்விளக்குகளுக்கு அனுப்புகிறது. அதே கம்பியிலிருந்து ஒரு கிளை கட்டுப்பாட்டு அலகுக்கும் செல்கிறது. கிளையில் 12 வோல்ட் வந்தால் ‘பிரேக் மிதிக்கப்பட்டுள்ளது’ என்று அலகு புரிந்துகொள்ளும், உடனே விலகிக்கொள்ளும்.

மிதிக்காதபோது அக்கம்பியில் எவ்வளவு வோல்ட் இருக்க வேண்டும்? சுழியம் இருக்க வேண்டும். சுவிட்ச் திறந்திருக்கும் கம்பி, எதனோடும் இணையாமல் அந்தரத்தில் அல்லவா நிற்கும்? அதைச் சுழியத்துக்கு இழுத்துப் பிடிப்பது எது? எங்கள் கார் போன்ற பல பழைய கார்களில் அந்த வேலையைச் செய்வது பிரேக் பல்புகளின் இழையே! பல்பின் ஒரு முனை காரின் உடலோடு, அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. 21 வாட் பல்பு ஒன்று எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 7 ஓம். எரியாமல் குளிர்ந்திருக்கும்போது 1 ஓமுக்கும் குறைவு. எனவே அலகின் பார்வையில் அந்தக் கம்பி பூமியைத் தொட்டுக்கொண்டிருப்பதற்குச் சமம்.

விளக்குகளுக்குச் செல்லும் வழி அறுந்துவிட்டால் அந்தப் பிடிமானம் போய்விடுகிறது. அலகின் உள்ளிருந்து கசியும் சிறு மின்னழுத்தம் கம்பியில் தெரியத் தொடங்குகிறது. நான் பிரேக்கை மிதிக்காமல் அளந்தபோது 4.7 வோல்ட் காட்டியது. சுழியமும் இல்லை, 12உம் இல்லை. பிரேக் மிதிக்கப்பட்டுள்ளதா இல்லையா என்று அலகால் முடிவுசெய்ய இயலவில்லை. ஐயம் இருந்தால் மறுத்துவிடு என்பதுதானே அதற்கு இடப்பட்ட கட்டளை? மறுத்துவிட்டது.

பழைய கார்களில் சிலர் பிரேக் பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி விளக்குகளைப் பொருத்தியதும் சீர்வேகக் கட்டுப்பாடு நின்றுபோவதற்கும் இதுவே காரணம். எல்இடி விளக்குக்கு இழை இல்லை. கம்பியைச் சுழியத்துக்கு இழுத்துப் பிடிக்க அதனால் முடிவதில்லை.

பாதியாகப் பிரித்துத் தேடுதல்

இனிப் பழுது எங்கே? முதலில், அளவுமானி இல்லாமலே ஒன்றை ஊகிக்க முடிந்தது. இரவில் எரியும் பின்விளக்குகள் நன்றாக எரிந்தன. அவையும் பிரேக் விளக்கும் ஒரே பல்பில் உள்ள இரண்டு இழைகள். இரண்டுக்கும் பூமி இணைப்பு ஒன்றே. எனவே பூமி இணைப்பு நலம். மின்சாரம் வரும் வழியில்தான் பழுது. பின்விளக்கு எரிந்ததால்தான் பிரேக் விளக்கு எரியாதது இத்தனை நாளாக எவர் கண்ணிலும் படவில்லை.

அடுத்து, மிதியருகே உள்ள சுவிட்ச்சில் சோதித்தேன். மிதித்தால் 12 வோல்ட் வெளியே வந்தது. ஆக, ஃபியூசும் சுவிட்ச்சும் நலம். பிறகு பல்புகளைக் கழற்றிவிட்டு, பின்பெட்டியில் உள்ள இணைப்பியில் அளந்தேன். அங்கும் 12 வோல்ட்! தலை சுற்றியது. மின்சாரம் இங்கு வரை வருகிறது. பல்புகளும் நன்றாக இருக்கின்றன. ஆனால் பொருத்தினால் எரியவில்லை. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டேன். “மீட்டரை நம்பாதே, டெஸ்ட் லேம்பு வச்சுப் பாரு” என்றார். டெஸ்ட் லேம்பு என்பது இரண்டு கம்பி இணைத்த ஒரு பல்புதான். அதை அதே இடத்தில் வைத்தேன். எரியவில்லை.

இதன் காரணம் எளியது. குழாய் ஒன்று உள்ளே அடைத்துக்கொண்டு ஊசிமுனை அளவு வழி மட்டும் இருப்பதாகக் கொள்வோம். கடைசி முனையை மூடி, அங்கே அழுத்தமானியைப் பொருத்தினால் முழு அழுத்தம் காட்டும். திறந்துவிட்டால் ஒரு வாளி நிறையாது. மின்னணு அளவுமானி மிக மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அடைப்பு இருப்பது அதற்குத் தெரியாது. 21 வாட் பல்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் வேண்டும். அவ்வளவு மின்னோட்டம் அடைப்பின் வழியே வர முடியாது. ‘மின்னழுத்தத்தைச் சுமையோடு அளக்க வேண்டும்’ என்று விரிவுரையில் குறிப்பெடுத்தது நினைவுக்கு வந்தது. குறிப்பெடுத்தேன், புரிந்துகொள்ளவில்லை.

அதன்பின் வேலை விரைவாக நடந்தது. சுவிட்ச்சின் வெளிமுனையில் டெஸ்ட் லேம்பு எரிந்தது. ஓட்டுநர் காலருகே உள்ள இணைப்பியிலும் எரிந்தது. பின்பெட்டியில் எரியவில்லை. ஆகப் பழுது இவ்விரண்டுக்கும் இடையே. ஓட்டுநர் கதவடியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினேன். காய்ந்த சேற்றின் கோடு ஒன்று தெரிந்தது. 2021 டிசம்பரில் சிலாங்கூரைத் தாக்கிய பெருவெள்ளத்தில் எங்கள் வீட்டு வாசலிலும் தண்ணீர் ஏறியது. காரின் தரைவிரிப்பு நனைந்தது. வெயிலில் காயவைத்தோம், வண்டி ஓடியது, மறந்துவிட்டோம். ஆனால் கம்பிகள் சேரும் ஓரிடத்தில், நாடா சுற்றியிருந்த இணைப்புக்குள், ஈரம் தங்கிவிட்டிருக்கிறது. நாடாவைப் பிரித்தேன். செம்பு பச்சைக் களிம்பாகப் பூத்திருந்தது. தனியே பிரித்து அளந்தபோது அந்த இணைப்பில் மட்டும் 18,000 ஓம். நல்ல இணைப்பில் 1 ஓமின் சிறு பங்குகூட இருக்கக் கூடாது.

களிம்பேறிய பகுதியை வெட்டியெறிந்து, பளபளக்கும் செம்பு தெரியும்வரை கம்பியைச் சீவி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டு மூடினேன். அண்ணன் வந்து பார்த்துத் தலையசைத்தார். மொத்தச் செலவு 10 ரிங்கிட்டுக்கும் குறைவு.

குறுக்குவழி ஒன்று இருந்தது

இதைப் பிறகு என் வகுப்புத் தோழனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். “இவ்வளவு சிரமம் எதுக்கு? அலகுக்குப் போற கம்பியிலிருந்து பூமிக்கு ஒரு மின்தடையைப் போட்டிருந்தா குரூஸ் அப்பவே வேலை செஞ்சிருக்கும்” என்றான்.

அவன் சொன்னது உண்மை. எல்இடி விளக்கு பொருத்துபவர்கள் இப்படிச் செய்வதும் உண்டு. ஒருநாள் முன்னதாக அவன் சொல்லியிருந்தால், பிரேக் விளக்கைப் பார்க்காமலே நானும் அப்படிச் செய்திருக்கக்கூடும். அப்பா மகிழ்ந்திருப்பார், நானும் பெருமைப்பட்டிருப்பேன். சீர்வேகக் கட்டுப்பாடு சீராக வேலை செய்ய, பின்னால் ஒரு விளக்கும் எரியாத காரில் அப்பா மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கு நோக்கிப் போயிருப்பார். இதை எண்ணும்போது இன்றும் உடல் சிலிர்க்கிறது.

அந்தப் பொத்தான் வேலை செய்யாமல் இருந்தது ஒரு தொல்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில், பிரேக் விளக்குக் கம்பி அறுந்துவிட்டது என்பதை அந்தக் காரில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றே.

நீங்கள் தேடும்போது

இந்த அனுபவத்திலிருந்து நான் எனக்காக எழுதி வைத்துள்ள வரிசையை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். முதலில் கருவியை எடுக்காதீர்கள். ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பிரேக்கை மிதியுங்கள். மூன்று விளக்குகளும் எரிகின்றனவா, மிதியை விட்டதும் அணைகின்றனவா என்று பாருங்கள். அடுத்து ஃபியூசைப் பாருங்கள். பிறகு பழுதுக் குறியீட்டைப் படியுங்கள். முழு விளக்கத்தையும் படியுங்கள். அதன்பின் வேகமானி, பொத்தான்கள், சுருள் நாடா என வரிசையாகச் செல்லுங்கள். மின்னழுத்தத்தைச் சுமையோடு சோதியுங்கள். அலகை மாற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும். காற்றுப்பையைத் தொட வேண்டிய நிலை வந்தால் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். எதைச் செய்தாலும், பிரேக் சமிக்ஞையை ஏமாற்றும் வேலையை மட்டும் செய்யாதீர்கள்.

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் முன்பு ஒரு மாலை நேரம் அப்பா என்னை அழைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குச் சென்றார். வேகத்தைப் பதிவுசெய்துவிட்டு வலது காலை மெல்லத் தளர்த்தினார். கார் அவ்வேகத்திலேயே ஓடியது. “பரவாயில்லையே” என்றார். எங்கள் அப்பாவிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

இப்போதெல்லாம் அவர் சுங்கைப் பட்டாணிக்குப் புறப்படும் முன்பு தங்கையைக் கூப்பிடுகிறார். அவள் காரின் பின்னால் போய் நிற்கிறாள். அப்பா பிரேக்கை மிதிக்கிறார். “மூணும் எரியுதுப்பா” என்று அவள் சொன்ன பிறகுதான் வண்டி நகர்கிறது.